சன்ரூஃப் மட்டும் போதுமா? இளைஞர்களிடம் கார் விற்பது பற்றி ஒரு விளக்கம்

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. அன்றிலிருந்து, பைக் ஓட்டுகிற இளைஞர்கள் எல்லாம் இனி காருக்கு வந்துவிடுவார்கள் என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். இன்னொரு பக்கம், இந்தத் தலைமுறைக்குக் கார் மேல் ஆசையே இல்லை, போனைத் தட்டினால் ஆட்டோ வாசலுக்கு வருகிறது, எதற்குக் கார் என்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும்.

கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் 26 வயதுக்காரரையோ, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு ஸ்கூட்டரில் போய்வரும் ஒரு பெண்ணையோ மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஆசைக்குக் குறைச்சல் இல்லை, கணக்குதான் உதைக்கிறது. கம்பெனிகள் ஆசையைத் தூண்டுவதற்குப் பணத்தைக் கொட்டுகின்றன, கணக்கை எளிதாக்க அந்த அளவு மெனக்கெடுவதில்லை. அந்தக் கணக்கை அடியிலிருந்து பிரித்துப் பார்ப்போம்.

முதலில், யார் அந்த இளைஞர்?

விளம்பரத்தில் வருகிற இளைஞர் தனியாக மலைப்பாதையில் பறக்கிறார். நம் பக்கத்தில் முதல் கார் வாங்குகிறவர் வேறு மாதிரி. பெரும்பாலும் 25-லிருந்து 32-க்குள் இருப்பார், வாசலில் ஏற்கெனவே இரண்டு டூவீலர் நிற்கும், ஆர்சி அவர் பெயரில் வந்தாலும் முடிவு வீடே சேர்ந்து எடுப்பது, லோன் பேப்பரில் அப்பாவின் கையெழுத்தும் பல நேரம் வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை மதியம் எந்த ஷோரூமிலும் இதைப் பார்க்கலாம். மகன் முன் சீட்டில் உட்கார்ந்து போனைத் திரையோடு இணைத்துப் பார்க்கிறார். அப்பா பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். அம்மா பின்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்து ஏறி, இறங்கி, பக்கத்தில் நிற்கிற செடானிலும் அதையே செய்து பார்த்துவிட்டு, "இதுல அப்படியே உக்காந்துடலாம்பா, அதுல குனிஞ்சு உள்ள போகணும், முட்டி பிடிச்சுக்குது" என்கிறார். செடான் அதோடு பட்டியலிலிருந்து போய்விட்டது.

2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச், 2 லட்சம் வண்டிகளுக்கும் மேல். நாற்பது ஆண்டாக மாருதி வைத்திருந்த இடம் அது. பஞ்ச் விற்றதற்குப் பல காரணம் உண்டு, ஆனால் 4 மீட்டருக்குள் அடங்குகிற சின்ன வண்டியில் உயரமான சீட், மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் என்ற இரண்டும் அந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லப்பட்ட பதில்கள்.

சரி, 'இளைஞருக்கு ஆசை போய்விட்டது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வெளிநாட்டிலிருந்து. அமெரிக்காவில் 1983-ல் 16 வயதுக்காரர்களில் 46 சதவீதம் பேரிடம் லைசென்ஸ் இருந்தது, 2014-ல் அது கிட்டத்தட்ட 25 சதவீதமாகிவிட்டது. ஜப்பானில் இதற்கென்றே 'குருமா பனாரே' என்று ஒரு சொல் இருக்கிறது, காரை விட்டு விலகுதல் என்று பொருள். அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு கார் இருந்தது, அதற்குப் பிறகு விலகினார்கள். நம் நாட்டில் ஆயிரம் பேருக்கு 34 கார்தான் இருக்கிறது என்று மாருதி சுசூகி தலைவர் ஆர்.சி.பார்கவா 2025-ல் சொன்னார். கையில் இல்லாத ஒன்றை விட்டு எப்படி விலகுவது? அந்த ஊர் விளக்கத்தை இங்கே அப்படியே ஒட்டிப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம்.

விலைத்தாளைப் படிப்பது எப்படி?

வாங்க வருகிற இளைஞர் முதலில் அடிபடுகிற இடம் இதுதான். ரீல்ஸில் பார்த்த விலை ஒன்று, ஷோரூமில் தருகிற தாளில் உள்ள விலை வேறு. அந்தத் தாளில் மேலிருந்து கீழாக என்ன இருக்கும் என்று பார்ப்போம்.

1. எக்ஸ்-ஷோரூம் விலை. கம்பெனி விலையோடு டீலர் லாபமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தது. விளம்பரத்தில் வருவது இதுதான், அதுவும் 'முதல்' என்ற சின்ன எழுத்தோடு, அடிமட்ட மாடலின் விலை.

2. சாலை வரி. இது மாநிலத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட பிறகு, 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

3. இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தடவையில் கட்ட வேண்டும். நம் சொந்த வண்டிக்கான காப்பீடு இதற்கு மேல்.

4. மிச்சம் மீதி. ஃபாஸ்டேக், ஆக்சசரீஸ் பேக், கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஹேண்ட்லிங் சார்ஜ். இந்த ஹேண்ட்லிங் சார்ஜை வாங்குகிறவர் கட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்சூரன்ஸையும் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை, வெளியில் விலை விசாரித்து எடுக்கலாம்.

இரண்டாவதாக உள்ள சாலை வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கார்களின் விலை ஏன் 9.99 லட்சத்தில் வந்து நிற்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். 9.95 லட்ச ரூபாய் காருக்கு 13 சதவீதம் போட்டால் சுமார் 1.29 லட்சம் வரி. 10.10 லட்ச ரூபாய் காருக்கு 18 சதவீதம், சுமார் 1.82 லட்சம். கூடவே 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று விற்கிறவரே 1 சதவீத வரியைப் பிடிப்பார், வருமான வரி தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்கும் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போகும். ஆக வெறும் 15,000 ரூபாய் கூடுதலான மாடலுக்கு ஆன்ரோடில், அதாவது எல்லாம் சேர்ந்த மொத்த விலையில், 75,000-க்கு மேல் கூடுகிறது. சன்ரூஃபுக்காக ஒரு படி மேலே போகிறவருக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அட்வான்ஸ் கட்டிய பிறகு தாளில் பார்க்கிறார்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டினால் வரி வேறு. புதுச்சேரியில் சாலை வரி குறைவு, பெட்ரோலும் குறைவு. அதனால் டிஎன் 31-க்குப் பதிலாக பிஒய் 01 போட்டுவிடலாமே என்ற யோசனை கடலூர்க்காரர்களுக்கு வராமல் இருக்காது. ஆனால் புதுச்சேரியில் உண்மையான முகவரி வேண்டும். அதோடு, ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் காட்டிவிட்டால் போதும் என்று ஏஜெண்டு சொல்வதை நம்பி இறங்குகிற இளைஞர் பிறகு ஆர்டிஓ வாசலில் தனியாகத்தான் நிற்பார்.

ஜிஎஸ்டி குறைப்பு எதை மாற்றியது?

சின்ன கார் என்பதற்குச் சட்டத்தில் ஒரு அளவு உண்டு. நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். இந்த அளவுகோல் 2006 மத்திய பட்ஜெட்டில் வந்தது. 2012-ல் மாருதி டிசையரின் டிக்கியை வெட்டி 3,995 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்ததெல்லாம் இதற்காகத்தான். முன்பு இந்த வகைக்குச் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31 சதவீதம். இப்போது 18. வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் என்றால் 6.45 லட்சமாக இருந்த கார் 5.90 லட்சத்துக்கு வருகிறது, 55,000 ரூபாய் மிச்சம். பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம், மின்சார வண்டிக்கு முன்பு போலவே 5.

இது நல்ல குறைப்புதான். ஆனால் 350 சிசி வரையிலான பைக்குக்கும் அதே நாளில் 28-லிருந்து 18 ஆனது. காருக்கும் பைக்குக்கும் உள்ள தூரம் பெரிதாகக் குறையவில்லை. அப்புறம், 5 லட்ச ரூபாய்க்குக் கீழான கார்கள் 2015-16-ல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் விற்றிருந்தன, 2024-25-ல் அந்த எண்ணிக்கை 25 ஆயிரம் சொச்சத்துக்கு வந்துவிட்டது. பாதுகாப்பு விதிகள், புகை விதிகள் எல்லாம் கூடக்கூட விலையும் ஏறி, முதல் படிக்கட்டே உயர்ந்துபோனது. அந்தப் படிக்கட்டில் ஏறப் பார்க்கிறவர்தான் நாம் பேசுகிற இளைஞர்.

மாதக் கணக்கு

6 லட்சம் லோன், 9.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டு என்றால் மாதம் சுமார் 12,600, மொத்த வட்டி 1.56 லட்சம். 7 ஆண்டு என்றால் மாதம் சுமார் 9,800, ஆனால் மொத்த வட்டி 2.24 லட்சம். ஷோரூமில் இரண்டாவதைத்தான் முன்னால் வைப்பார்கள், "பத்தாயிரத்துக்குள்ள வந்துடுது சார்" என்று.

அதன் மேல் மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 18 என்ற கணக்கில் 33 லிட்டர், சுமார் 3,300 ரூபாய். இன்சூரன்ஸுக்கு மாதம் 2,000 ஒதுக்க வேண்டும், சர்வீஸ், டயருக்கு 1,000. ஆக 16,000-ஐத் தொடுகிறது. 35,000 சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் "இப்ப வேணாம்" என்று சொன்னால், காரில் ஆசை இல்லாதவர் என்று அவரை எழுதிவிடக் கூடாது. பொறுப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறார்.

கடன் வரலாற்றுக்கு மதிப்பெண் போடும் சிபில் தனிக்கதை. எண் 300-லிருந்து 900 வரை போகும். இதுவரை கடனே வாங்காத பிள்ளைக்கு எண்ணே வராது, வரலாறு இல்லை என்பதைக் குறிக்க கழித்தல் 1 என்று காட்டும். ஒழுக்கமாகக் கடன் வாங்காமல் இருந்ததற்கு வட்டி கூடுகிறது, இல்லாவிட்டால் அப்பாவைத் துணைக்குக் கூப்பிடச் சொல்கிறார்கள். ஒப்பந்த வேலையில் இருக்கிறவர்களுக்குச் சம்பளச் சீட்டு கேட்கும் இடத்திலேயே கதவு மூடிவிடுகிறது.

முன்பு முயன்றவர்கள்

1. ஃபோர்டு மஸ்டாங், 1964 ஏப்ரல். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபால்கன் காரின் பாகங்களை வைத்தே கட்டினார்கள், தொடக்க விலை 2,368 டாலர், மேலே என்னென்ன வேண்டுமோ அதை வாங்குகிறவரே பட்டியலிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். முதல் ஆண்டிலேயே 4 லட்சம் வண்டிகளுக்கு மேல் போனது.

2. டொயோட்டா சயான். இளைஞர்களுக்கென்றே 2003-ல் அமெரிக்காவில் தொடங்கிய தனிப் பெயர். பேரமில்லாத ஒரே விலை என்பது அதன் பெரிய பலம். பத்து லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்று, வாங்கியவர்களில் 70 சதவீதம் பேர் டொயோட்டாவுக்கே புதியவர்கள் என்ற நிலை இருந்தும், புது மாடல்கள் சரியாக வராமல் 2016-ல் மூடினார்கள்.

3. ஹோண்டா எலிமெண்ட். கடற்கரைக்குப் போகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்று செய்தது. ஏற இறங்க எளிது, சாமான் ஏற்ற வசதி என்று வயதானவர்கள் நிறைய வாங்கினார்கள். நம் ஷோரூம் அம்மாவின் முட்டி அங்கேயும் வேலை செய்திருக்கிறது.

4. டாடா நானோ. 2009 மார்ச்சில் வந்தபோது உலகின் மலிவான கார் என்றே எல்லோரும் அழைத்தார்கள், அந்தப் பெயரே அதற்கு எமனாகிவிட்டது. 2018-ல் தயாரிப்பு நின்றது. சொந்தக்காரர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற முதல் வண்டிக்கு 'ஏழைகளின் கார்' என்ற பட்டத்தை யார் விரும்புவார்கள்? மலிவு வேண்டும், மலிவு என்ற பெயர் வேண்டாம்.

மஹிந்திரா தார் இதையெல்லாம் சேர்த்துக் காட்டுகிறது. மூன்று கதவுத் தார் மேல் பையன்களுக்கு உயிர், பின் சீட்டைப் பார்த்து வீடு வேண்டாம் என்றது. 2024 ஆகஸ்டில் ஐந்து கதவோடு தார் ராக்ஸ் வந்தது. புக்கிங் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் 1.76 லட்சம் புக்கிங். பையனின் ஆசைக்கு வீட்டின் சம்மதமும் சேர்ந்த எண் அது.

சரி, கம்பெனிகள் என்ன செய்யலாம்?

1. ஆன்ரோடு விலையை ஊர் வாரியாக வெளிப்படையாகப் போட வேண்டும். பின்கோடு தட்டினால் கடலூர் விலை, புதுச்சேரி விலை, வரி எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, எதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது வரை தெரிய வேண்டும். இந்தத் தலைமுறை ஷோரூமுக்கு வருவதற்கு முன் இருபது வீடியோ பார்த்துவிட்டு வருகிறது. தாளில் ஒளித்த 8,000 ரூபாயைக் கண்டுபிடித்ததும் அந்த டீலரை மட்டும் இல்லை, கம்பெனியையே விட்டுவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் இது ஒன்றைச் செய்தாலே போதும், மற்றதெல்லாம் பிறகு.

2. பாதுகாப்பை அடிமட்ட மாடலிலேயே கொடுக்க வேண்டும். 2018-ல் டாடா நெக்ஸான் 5 நட்சத்திரம் வாங்கியதிலிருந்து நட்சத்திரம் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, 2023 அக்டோபரிலிருந்து நமக்கென்றே பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை இருக்கிறது. மாருதி 2025-ல் ஆல்டோ கே10-க்கே ஆறு ஏர்பேக் வைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுகிற பிள்ளைக்கு அப்பா தைரியமாகக் கையெழுத்துப் போட இதுவே காரணமாகும்.

3. கடனுக்கு ஏணி வேண்டும். பைக் லோனை ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தவருக்குக் கம்பெனியின் சொந்த நிதி நிறுவனம் குறைந்த வட்டி தரலாம். மூன்று ஆண்டு கழித்து இன்ன விலைக்குத் திரும்ப எடுப்போம் என்று எழுதித் தரலாம். பழைய காரையும் முதல் படியாக மதிக்க வேண்டும், மாருதி 2001-லேயே ட்ரூ வேல்யூ தொடங்கியது இதைப் புரிந்துகொண்டுதான்.

4. மின்சாரக் காரில் பேட்டரி வாடகை என்ற வழி வந்திருக்கிறது. எம்ஜி விண்ட்சர் 2024-ல் 9.99 லட்சத்துக்கு வந்தது, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் தனி. 600 கிலோமீட்டர் ஓட்டினால் 2,100, சார்ஜிங் செலவு அதற்கு மேல். முன்பணம் குறைவதால் இளைஞருக்கு உதவும், ஆனால் மாதத்துக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று நிபந்தனை இருந்தால் ஓட்டாத மாதத்துக்கும் கட்ட வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வர வேண்டியது அந்த நிபந்தனை. அதோடு, கடலூரில் வாங்கிய மின்சார வண்டிக்குச் சின்னக் கோளாறு என்றாலும் சென்னைக்குத் தூக்கிப்போக வேண்டும் என்றால் யாரும் வாங்க மாட்டார்கள்.

5. திரையில் அளவோடு நிற்கலாம். போனை இணைத்தால் போதும் என்பதே பலரின் தேவை. ஏசிக்கும் வைப்பருக்கும் பட்டன் வேண்டும், 2026-லிருந்து ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனையிலேயே சில வேலைகளுக்குப் பட்டன் இருந்தால்தான் முழு மதிப்பெண். சூடாகும் சீட்டுக்கு மாதச் சந்தா கேட்ட பிஎம்டபிள்யூ 2023-ல் அதைக் கைவிட்டது. காருக்குள்ளிருந்து எடுக்கிற தகவல்களைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அதே ஆண்டில் மொசில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களைப் பார்த்தது, தனியுரிமையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

6. ஊருக்கு ஏற்ற பேச்சு. இது கடற்கரை, உப்புக்காற்று. அடிப்பாகம் எத்தனை ஆண்டு துருப்பிடிக்காது என்பதுதான் இங்கே கேள்வி. புதுச்சேரி வெள்ளை நகரத்துத் தெருக்களில் நிறுத்த இடம் இல்லை, கடற்கரைச் சாலை மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்கு மூடிவிடும், அதனால் சின்ன வண்டி, குறைந்த இடத்தில் திரும்புகிற வண்டி என்பது இங்கே பெரிய விஷயம்.

எல்லாவற்றையும் விட, மழை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர் கிராமங்களில் புகுந்தது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் காற்று போகிற வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். காற்றை அமுக்குகிற மாதிரி தண்ணீரை அமுக்க முடியாது, உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு, ஆனால் நாமே ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனது என்றால் பல நேரம் கிடையாது, அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். முதல் கார் வாங்கிய 27 வயதுக்காரருக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. வாரம் நான்கு முறை ஆஃபர் மெசேஜ் அனுப்புகிற கம்பெனியிடம் அவர் நம்பர் இருக்கிறது, வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்பதும் தெரியும். புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலை, 'வண்டியை மேட்டில் நிறுத்துங்கள், தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோயிங் வண்டிக்கு இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்' என்று தமிழில் மூன்று வரி அனுப்பலாம்.